வீட்டு ஒயரே பீடர் லைன்: 40 மீட்டர் டைபோலுக்கு முழுமையான வழிகாட்டி

ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் நல்ல கோஆக்ஸ் கேபிள் பல ஊர்களில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதன் விலை ஆன்டெனாவின் விலையைத் தாண்டிவிடும். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் இரட்டை ஒயரே அந்த வேலையைச் செய்யும். ஆனால் எல்லா பேண்டிலும் எல்லா நீளத்திலும் செய்யாது. எங்கே செய்யும் என்று தெரிந்துகொண்டு, வெட்டுவதற்கு முன்னால் அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே கட்டப்போவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, இந்திய ஹாம்களுக்கு (உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு) அனுமதிக்கப்பட்ட 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவிலிருந்து இரு கைகளாக விரியும் ஒயர் ஆன்டெனா. பீடரும் (ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் லைன்) ஆன்டெனாவும் ஒரே துண்டு ஒயர்தான். ஒரு நுனியிலிருந்து ஒயரை இரண்டாகக் கிழித்து இரு கைகளாக விரிக்கிறோம். கிழிக்காத பகுதி பீடராக அறைக்குள் இறங்குகிறது. மாடியில் ஒரு ஜாயின்ட்கூட இல்லை, அதனால் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் இறங்கவும் வழியில்லை. உரிமம் வரும்வரை இதைக் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

1. இந்த ஒயர் உங்கள் வேலைக்குத் தகுமா

முதலில் பேண்டைப் பாருங்கள். ஒயரைச் சுற்றியிருக்கும் பிவிசி, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. அலைவரிசை ஏற ஏற அது சக்தியை உறிஞ்சிச் சூடாக மாற்றும். 3.5, 7 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஒயருக்கு இழப்பு சுமார் 1 டெசிபல், அல்லது அதற்கும் குறைவு. 14-இல் சகித்துக்கொள்ளலாம். 28-இல் அதே 15 மீட்டர் பாதிக்கு மேல் சக்தியை விழுங்கக்கூடும். 144 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த ஒயரை நினைக்கவே வேண்டாம்.

1 டெசிபல் என்றால் 50 வாட்டில் 40 வாட் ஆன்டெனாவைச் சேருகிறது. எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டரில் (வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் மீட்டர்) ஒரு படி 6 டெசிபல் என்பதால், இந்த வித்தியாசத்தை அவரால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது தூரம். மாடியில் டைபோலின் நடுப்புள்ளியிலிருந்து ரேடியோ மேசைவரை 15 மீட்டருக்குள் இருந்தால் இந்த முறை சரி. 25, 30 மீட்டர் ஆகிறது என்றால் 12-ஆம் பகுதியில் உள்ள ஏணி லைனுக்குப் போங்கள்.

மூன்றாவது, டைபோல் எந்த பேண்டுக்கு வெட்டப்பட்டதோ அந்த பேண்டில் மட்டுமே இதை ஓட்டுங்கள். ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தமாகக் காட்டும் பெட்டி) இருக்கிறதே என்று எல்லா பேண்டிலும் ஓட்டினால் ட்யூனர் சமாளித்துவிடும், ரேடியோவும் சந்தோஷப்படும், ஆனால் சக்தி ஒயரிலேயே தங்கிவிடும். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அது அதிகமுள்ள லைனில் அலை பலமுறை போய்வருகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் பிவிசி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

2. கடையில் என்ன கேட்பது

“ட்வின் பிளாட் பிளெக்ஸிபிள், 1 ஸ்கொயர் எம்எம், செம்பு” என்று கேளுங்கள். ஸ்பீக்கருக்குப் போடும் சிவப்பு–கறுப்பு ஒட்டு ஒயரும் ஆகும். 27 மீட்டர் வாங்குங்கள். கணக்குப்படி 25 போதும். ஆனால் ஒயருக்கு ஒயர் வேகக் காரணி (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை ஒயரில் ஓடுகிறது என்ற எண்) மாறும் என்பதால் 2 மீட்டர் கையிருப்பு வேண்டும்.

செம்பு பூசிய அலுமினியம் வாங்கிவிடாதீர்கள். ஸ்பீக்கர் ஒயரில் இது நிறைய வருகிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் சுமார் 0.025 மி.மீ. ஆழத்தில்தான் ஓடும். இந்த மெல்லிய இழைகளில் உள்ள செம்புப் பூச்சு அதைவிட மெல்லியது, ஆக ஓடுவது பெரும்பாலும் அலுமினியத்தில்தான். ஈயமும் சரியாகப் பிடிக்காது, இரண்டு மழைக்குள் இழைகள் பொடிந்தும் விழும். கையோடு ஒரு சின்ன காந்தமும் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

மூன்று கோர் போட்டு மேலே உறை போட்ட கேபிள் வேண்டாம். உறையைச் சேர்த்தால் பிவிசி கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. கைகளாகப் பிரிக்கவும் வராது.

ஒட்டு ஒயர் கிடைக்கவில்லை என்றால் 1 ஸ்கொயர் எம்எம் சிங்கிள் கோர் இரண்டை எடுத்து, ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியை டிரில்லில் மாட்டி, 4–5 செ.மீ.க்கு ஒரு முறுக்கு வருமாறு முறுக்குங்கள். முறுக்கியதும் நீளம் குறையும், அதனால் 28 மீட்டராக வாங்குங்கள். பழைய காலத்து முறுக்கு ஒயர் மீதமிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பிவிசி வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

3. தேவையான மற்றவை

நானோவிஎன்ஏ அல்லது ஆன்டெனா அனலைசர் (ஆன்டெனாவையும் ஒயரையும் அளக்கும் கையடக்கக் கருவி), சொந்தமாக இல்லாவிட்டால் ஒரு மாலைக்கு இரவல். எப்.டி.240-43 ஃபெரைட் வளையம் 1. சின்ன பிளாஸ்டிக் பெட்டி, எஸ்.ஓ.239 சாக்கெட் (கோஆக்ஸ் மாட்டுவது), இரண்டு திருகு டெர்மினல். பெட்டியிலிருந்து ரேடியோவுக்கு அரை மீட்டர் கோஆக்ஸ் துண்டு. கறுப்பு கேபிள் டை (வெள்ளை வேண்டாம், வெயிலில் சீக்கிரம் உடையும்), நைலான் கயிறு, 8 செ.மீ. சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் பலகை, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். உடைந்த காய் நறுக்கும் பலகையை வெட்டினால் டைபோலின் நடுவைத் தாங்கும் இப்படிப்பட்ட பலகை மூன்று வரும். 6 மீட்டர் மூங்கில் ஒன்று.

4. முதலில் அளவு, பிறகு கத்தி

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. புத்தகத்தில் கோஆக்ஸுக்குப் போட்ட 0.66-ஐ எடுத்துக் கணக்குப் போட்டு வெட்டிவிடுவார்கள். இரட்டை ஒயரின் வேகக் காரணி பெரும்பாலும் 0.69-ஐ ஒட்டி வரும், ஆனால் பிவிசியின் கலவையும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் 0.65-க்கும் 0.75-க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். அந்த வித்தியாசம் பீடர் நீளத்தில் 2 மீட்டருக்கும் மேல். வெட்டிய ஒயர் மறுபடி நீளாது.

27 மீட்டரையும் வெட்டாமல் மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். வளைத்துத் திரும்பலாம், ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். தரையில் கிடந்தாலோ சுருளாக இருந்தாலோ அளவு பொய் சொல்லும். டேப் வைத்து நீளத்தைச் சரியாக அளந்து எழுதுங்கள். கடைக்காரரின் 27 மீட்டர் பல சமயம் 26.5 தான்.

தூர முனையில் இரு ஒயரும் தொடாமல் திறந்திருக்கட்டும். கிட்ட முனையை நானோவிஎன்ஏயின் முதல் போர்ட்டில், ஒரு ஒயர் நடு முள்ளிலும் மற்றது உறையிலுமாக இணையுங்கள். 1 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி, அந்த எல்லைக்கே காலிபரேஷன் செய்துகொள்ளுங்கள். திரையில் ரெசிஸ்டன்ஸ் ஒரு கோடு, ரியாக்டன்ஸ் (சக்தியைச் செலவழிக்காமல் சேமித்துத் திருப்பித் தரும் தடை) ஒரு கோடு. கருவி பேட்டரியில் ஓடட்டும், பிளாஸ்டிக் நாற்காலியில் கிடக்கட்டும். யூஎஸ்பியில் கணினியோடு இணைத்தால் கணினியும் அதன் எர்த்தும் ஒயரின் ஒரு பாதியோடு சேர்ந்துகொள்ளும், அளவு கெடும்.

ரியாக்டன்ஸ் பூஜ்யத்தைத் தாண்டும் இடங்களில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருப்பவற்றைக் குறியுங்கள். முதலாவது சுமார் 1.9 மெகாஹெர்ட்ஸ், ஒயர் அங்கே கால் அலை, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு. அடுத்தது சுமார் 5.75, அங்கே முக்கால் அலை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான், ஏனென்றால் பிவிசியின் குணம் அலைவரிசையோடு கொஞ்சம் நகரும், 5.75 நம் 7.1-க்கு அருகில் இருக்கிறது.

வேகக் காரணி = அலைவரிசை × நீளம் ÷ 225. உதாரணமாக 5.75 × 27 ÷ 225 = 0.69.

அந்த அலைவரிசையை 6-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள்: சுமார் 4.8 மெகாஹெர்ட்ஸ். அங்கே ரியாக்டன்ஸ் எவ்வளவு காட்டுகிறதோ, குறியை விட்டுவிட்டால், அதுவே ஒயரின் சொந்த இம்பீடன்ஸ் (தன்னில் ஓடும் அலைக்கு ஒயர் காட்டும் தடை). இரட்டை ஒயருக்கு 100 ஓமை ஒட்டி வரும்.

இழப்பையும் இதே அளவிலிருந்து எடுக்கலாம். 5.75-இல் குறைந்தபட்ச ரெசிஸ்டன்ஸ் 17 ஓம், சொந்த இம்பீடன்ஸ் 105 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 17 ÷ 105 × 8.7 = 1.4 டெசிபல். இது 27 மீட்டருக்கு. நாம் பயன்படுத்தப்போகும் 15 மீட்டருக்கு 0.8 அளவில் வரும். இங்கே 40 ஓமுக்கு மேல் காட்டினால் ஒயரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். செம்பிலோ பிவிசியிலோ ஏதோ சரியில்லை.

5. பீடர் நீளம்: அரை அலை, வேறெதுவும் இல்லை

பீடர் நீளம் = 150 ÷ 7.1 × வேகக் காரணி. 0.69 என்றால் 14.58 மீட்டர்.

அரை அலை ஏன் என்றால், அந்த நீளத்தில் லைனின் சொந்த இம்பீடன்ஸ் எதுவாக இருந்தாலும் ஆன்டெனா முனையில் உள்ளதே ரேடியோ முனையிலும் தெரியும். மாடியில் கட்டிய டைபோல் உயரத்தைப் பொறுத்து 45 முதல் 80 ஓம் வரை இருக்கும். அதை 50 ஓம் ரேடியோ ட்யூனர் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும். இதே லைனை “ரேடியோ பக்கத்தில்தானே இருக்கிறது” என்று கால் அலைக்கு, அதாவது 7.3 மீட்டருக்கு வெட்டினால், 60 ஓம் டைபோல் 167 ஓமாக மாறித் தெரியும். எஸ்.டபிள்யூ.ஆர். 3.3. ஆன்டெனாவில் குற்றமே இருக்காது. ஆனாலும் அதன் கைகளைத்தான் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

10–20 செ.மீ. முன்பின் ஆவதால் பாதிப்பில்லை. வேகக் காரணியை ஊகித்து ஒன்றரை மீட்டர் தவறினால்தான் வலிக்கும்.

பின்னால் ஃபெரைட் வளையத்தில் சுற்றப்போகும் முக்கால் மீட்டரும் இந்த 14.58-க்குள் அடக்கம். வளையம் தனி, பீடர் தனி என்று எண்ணி முழு நீளம் வெட்டியபின் வேறு ஒயரைச் சுற்றி இணைத்தால் கணக்கு தள்ளிப்போகும்.

இந்த நீளம் 14.2 மெகாஹெர்ட்ஸில் இரண்டு அரை அலை. ஆகவே அதே நடுப்புள்ளியில் 20 மீட்டர் பேண்டுக்கு இன்னொரு ஜோடிக் கையை இணையாகக் கட்டினால் அதே பீடர் இரண்டுக்கும் ஓடும். முதலில் 40-ஐ முடித்துவிட்டு அதை யோசியுங்கள்.

6. கைகளைப் பிரிப்பது

ஒயரின் ஒரு நுனியில் சிவப்பு டேப் சுற்றுங்கள். அது ஆன்டெனா முனை. அங்கிருந்து 10.2 மீட்டரில் இரண்டு கேபிள் டைகளை அடுத்தடுத்து இறுக்கிப் போடுங்கள். இதை முதலில் செய்ய வேண்டும். பிரித்தபின் போடலாம் என்று விட்டால், இழுக்கும் வேகத்தில் கிழிசல் அரை மீட்டர் தாண்டிப் போய்விடும். பீடரில் அவ்வளவு குறையும்.

நுனியில் இரு ஒயருக்கும் நடுவே பிளேடால் 3 செ.மீ. கீறி, பிறகு கையாலேயே இழுத்துப் பிரியுங்கள். பிளேடை வைத்தே முழு நீளமும் அறுத்தால் எங்காவது செம்பு வெளியே வந்துவிடும். வந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஹீட் ஷ்ரிங்க். வெயிலில் கிடந்து சூடான ஒயரைப் பிரிக்காதீர்கள், பிவிசி இழுபட்டு மெலியும், காலையில் செய்யுங்கள்.

10.2 மீட்டர் என்பது வேண்டுமென்றே வைத்த அதிக நீளம். பிவிசி மூடிய ஒயரில் டைபோல் வெறும் செம்பைவிட 3–4 சதவீதம் குட்டையாகும், கடைசியில் ஒவ்வொரு கையும் 9.7 மீட்டர் அளவில் நிற்கும்.

பலகையில் ஆறு துளைகள் போடுங்கள். மேலே ஒன்று மூங்கில் கயிற்றுக்கு, இரு பக்கமும் இரண்டிரண்டு கைகளுக்கு, கீழே ஒன்று பீடருக்கு. ஒவ்வொரு கையும் ஒரு துளையில் இறங்கி அடுத்ததில் ஏறட்டும். பீடரைக் கீழ்த்துளையில் கேபிள் டையால் கட்டுங்கள். இழுவிசை பலகையில் நிற்க வேண்டும், பிரிந்த கவட்டில் நின்றால் காற்றுக்கு ஆடி ஆடிக் கிழிசல் நீளும்.

வெளி நுனிகளில் 15 செ.மீ. வளையம் மடித்து நைலான் கயிற்றைக் கட்டுங்கள். வெட்டிய முனையைப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கால் அடையுங்கள். பல இழை ஒயரில் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளேயே பல மீட்டர் பயணிக்கும். செம்பு பச்சை பூக்கும்.

7. தூக்கிக் கட்டுவது

படிக்கட்டு அறையின் மேல் மூங்கிலை நிறுத்தி அதன் தலையில் நடுப்பலகையைக் கட்டுங்கள். கைகள் இரு பக்கமும் சரிந்து தலைகீழ் வி போல இறங்கட்டும். நடுக்கோணம் 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 120 இருந்தால் நல்லது. இந்த வடிவம் நமக்கு ஏற்றது, ஏனென்றால் பீடரின் எடை மூங்கிலில் நிற்கிறது. இரு முனை மட்டும் கட்டிய நேர் டைபோலில் அந்த எடை மென்மையான செம்பை இழுத்து நீட்டும், அலைவரிசை மாதத்துக்கு மாதம் கீழே நகரும்.

இடம் போதவில்லை என்றால் கடைசி ஒன்றரை மீட்டரைக் கயிற்றிலிருந்து நேராகத் தொங்கவிடலாம். ஆனால் எந்த நுனியும் தரையிலிருந்து 2.5 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம். 50 வாட்டிலும் பல நூறு வோல்ட் ஏறும், துணி எடுக்க வந்தவரின் விரலைச் சுடும்.

ஈ.பி. லைன் பக்கம் ஆன்டெனா போகவே வேண்டாம். மூங்கில் சாய்ந்து விழுந்தாலும், ஒயர் அறுந்து பறந்தாலும் லைனைத் தொடாத தூரம் வேண்டும்.

8. பீடரை இறக்கும் பாதை

நடுப்பலகையிலிருந்து பீடர் கைகளுக்குச் செங்குத்தாகச் சில மீட்டராவது இறங்கட்டும். ஒரு கைக்கு அடியிலேயே அதை ஓட்டினால் அந்தக் கையின் அலை பீடரில் ஏறிவிடும், இரு ஒயரின் சமநிலை போய்விடும்.

இரட்டை ஒயரின் மின்புலம் இரு கம்பிக்கும் மிக அருகிலேயே அடங்கிவிடும். அதனால் சுவரில் பிளாஸ்டிக் கிளிப் போட்டு ஓட்டலாம், இரும்புக் கம்பியைக் குறுக்கே கடக்கலாம். ஜன்னல் கிரில்லோடு சேர்த்து மீட்டர் கணக்கில் டேப் சுற்றுவதும், வீட்டு மின்சார ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே திணிப்பதும்தான் கூடாது. பைப்புக்குள் போனால் எல்.இ.டி. விளக்கின் இரைச்சலும் இன்வெர்ட்டரின் இரைச்சலும் ரேடியோவுக்கு வரும், உங்கள் சிக்னல் விளக்குக்குப் போகும்.

உள்ளே நுழையும் இடத்துக்குச் சற்றுமுன் ஒயர் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். நகரும் அலுமினிய ஜன்னலுக்கு இடையில் நசுக்கி விடாதீர்கள். முதல் வாரம் வேலை செய்யும். பிறகு ஒருநாள் பிவிசி அறுந்து பிரேமைத் தொடும். சுவரில் ஒரு துளை போட்டுப் பிளாஸ்டிக் குழாய் செருகுவதே தீர்வு.

9. சோக்கும் பெட்டியும்

பீடரின் இரு ஒயரிலும் சமமாக, எதிரெதிராக மின்னோட்டம் ஓட வேண்டும். ரேடியோவின் சாக்கெட்டில் ஒரு பக்கம் உடலோடு இணைந்திருப்பதால் அந்தச் சமநிலை அங்கே உடைகிறது. அதைத் தடுக்கத்தான் சோக், ஹாம்கள் சொல்லும் 1:1 கரண்ட் பேலன்.

தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பீடரின் அறைக்குள் வந்த நுனியையே, இரு ஒயரும் ஒட்டியபடி, ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று சுற்றுங்கள். ஒட்டு ஒயரைத் தட்டையாக வைத்தால் துளைக்குள் 12 சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமரும். 7 மெகாஹெர்ட்ஸில் இது ஆயிரம் ஓமுக்கு மேல் தடை கொடுக்கும். ஒயரை நடுவில் வெட்டவில்லை, ஜாயின்ட் இல்லை.

வளையம் கிடைக்காவிட்டால் 110 மி.மீ. பிவிசி பைப்பில் 15 சுற்று, ஒரே அடுக்காக. இதற்கு 5 மீட்டருக்கு மேல் ஒயர் போகும், அதுவும் அதே 14.58-இலிருந்துதான். மாடியும் அறையும் மிக அருகில் இருந்து ஒயர் மிஞ்சினால் இது ஒரு வசதி. ஆனால் ஃபெரைட்டின் தடையில் ரெசிஸ்டன்ஸ் கலந்திருக்கிறது, பைப் சுருளில் கிட்டத்தட்ட முழுக்க இண்டக்டன்ஸ். சில வீடுகளில் லைனின் கெபாசிட்டன்ஸ் அதைக் கழித்துவிடும். மிஞ்சிய ஒயரைப் பந்துபோல் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளுவது சோக் ஆகாது: முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக்கிடந்தால் மின்னோட்டம் குறுக்கே தாவிவிடும்.

4:1 பேலன் போடாதீர்கள். “100 ஓம் லைன், 50 ஓம் ரேடியோ, ஏதாவது மாற்ற வேண்டுமே” என்ற எண்ணம் இயல்புதான். ஆனால் அரை அலை லைனின் இந்த முனையில் தெரிவது டைபோலின் 60 ஓம். 4:1 அதை 15 ஆக்கிவிடும்.

சோக்கிலிருந்து வரும் இரு நுனியையும் ஈயம் பூசிப் பெட்டியின் டெர்மினலில் இறுக்குங்கள். ஒன்று எஸ்.ஓ.239-இன் நடுவுக்கு, மற்றது உடலுக்கு. எது எங்கே என்பது முக்கியமில்லை.

10. டிரிம் செய்வது

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் டிரிம். சோக் இல்லாமல் டிரிம் செய்தால் பீடரும் ஆன்டெனாவின் பகுதியாக நடித்து அளவைத் திரிக்கும்; சோக் போட்டதும் எல்லாம் நகர்ந்துவிடும்.

பெட்டியில் கருவியை இணைத்து 6.5 முதல் 7.5 வரை எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். கோடு மிகத் தாழ்ந்து நிற்கும் பள்ளம் 6.75 அருகில் இருக்கும். ஒவ்வொரு கையிலும் 10 செ.மீ. குறைத்தால் அது சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். 7.1-க்கு வர கையொன்றுக்கு 50 செ.மீ. குறைய வேண்டும் என்று கணக்கு சொல்லும். நீங்கள் 40 மட்டும் குறைத்து மறுபடி பாருங்கள்.

வெட்ட வேண்டாம், நுனியை மடித்துத் தன்மேலேயே இறுக்கிச் சுற்றினால் போதும். இரு கையிலும் சமமாக. பள்ளம் 7.1-இல் 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்துங்கள். 1.3-ஐ 1.1 ஆக்க ஏணியில் மறுபடி ஏறுவது முழங்காலுக்குத்தான் செலவு.

எஸ்.டபிள்யூ.ஆரைக் குறைக்கப் பீடரின் நீளத்தை மாற்றாதீர்கள். அது ஐந்தாம் பகுதியிலேயே முடிந்த கணக்கு.

11. எது தவறும், எங்கே பார்ப்பது

பள்ளம் ஆழமாக இருந்து இடம் மட்டும் தவறியிருந்தால் கைகளின் நீளம். எங்குமே 2-க்குக் கீழே வரவில்லை என்றால் பீடரின் நீளம், அல்லது ஒரு கை எங்கோ உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. பிவிசி முழுதாகத் தெரியும், செம்பு துண்டாகியிருக்கும். நடுப்பலகைக்குப் பக்கத்தில் ஒயரை விரலால் வளைத்துப் பார்த்தால் தட்டுப்படும்.

ரேடியோவைத் தொட்டால், கோஆக்ஸ் துண்டை நகர்த்தினால் மீட்டர் ஆடுகிறது என்றால் சோக் போதவில்லை. மைக் உதட்டில் சுள்ளென்று கடிப்பது, பேசும்போது எல்.இ.டி. விளக்கு மினுக்குவது, ஃபேன் ரெகுலேட்டர் தானாக வேகம் மாற்றுவது எல்லாம் இதே நோய். இரண்டாவது வளையம் ஒன்றைச் சேர்த்து இன்னொரு 12 சுற்று போடுங்கள்.

மழையில் பள்ளம் கொஞ்சம் கீழே நகர்ந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் இயல்பு. காய்ந்த பிறகும் திரும்பாமல் இருந்தால் ஒயருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, எஸ்.டபிள்யூ.ஆர். திடீரெனப் பள்ளமே இல்லாமல் தட்டையாவது. 7.0-இலிருந்து 7.2 வரை ஒரே அளவில் நிற்கிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை என்றால் மகிழாதீர்கள். இழப்புள்ள லைனில் திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்ந்துவிடும். 5 டெசிபல் விழுங்கும் 50 ஓம் லைனில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் மீட்டர் சுமார் 2 தான் காட்டும். 10 டெசிபல் என்றால் 1.2. டிரிம் முடித்த நாளில் பள்ளத்தின் வடிவத்தைப் படமெடுத்து வைத்தால், பிறகு ஒப்பிட அது உதவும்.

எப்.டி.8 போன்ற டிஜிட்டல் முறையில் 100 வாட்டில் ஓட்டினால் சோக்கைத் தொட்டுப் பாருங்கள், ரேடியோவை நிறுத்திய பிறகு. வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் சக்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது 11-இன் இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.

12. தூரம் அதிகமா, பல பேண்டா: ஏணி லைன்

இங்கே பிவிசியை விலக்கிக் காற்றை இடையில் வைக்கிறோம். 1.5 ஸ்கொயர் எம்எம் சிங்கிள் கோர் இரண்டு, 75 மி.மீ. இடைவெளி. சொந்த இம்பீடன்ஸ் 540 ஓம் அளவில் வரும். வீடு கட்டும்போது வாங்கிய 90 மீட்டர் காயிலில் மீதமிருப்பது இதற்குப் போதும்.

20 மி.மீ. கண்டியூட் பைப்பை 9 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் ஒயர் அமரும் வெட்டுப் போட்டு, அருகே ஒரு சிறு துளையில் கேபிள் டை நுழைத்துக் கட்டுங்கள். 40–50 செ.மீ.க்கு ஒன்று. இடைவெளி அதிகமானால் காற்றில் ஒயர்கள் ஒன்றோடொன்று மோதும், இம்பீடன்ஸ் ஆடும். மீட்டருக்கு ஒரு முறுக்கு கொடுத்துத் தொங்கவிட்டால் காற்றுப் பிடிப்பு குறையும்.

இதன் மின்புலம் வெளியே பரவியிருப்பதால் சுவரோடு கிளிப் அடிக்க முடியாது. கிரில், குழாய் எதிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். ட்யூனரும் அதற்கு முன்னால் 1:1 சோக்கும் கட்டாயம். வேலை அதிகம்தான். ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமாக இருந்தாலும் இந்த லைன் பொறுத்துக்கொள்ளும். இரட்டை ஒயரால் அது முடியாது.

13. பிளக், இடி, வெயில்

பீடர் நுனியில் இரண்டு முள் பிளக் மாட்டாதீர்கள். கழற்றி மாட்ட வசதி என்று பலர் செய்கிறார்கள். பார்க்க டேபிள் ஃபேன் ஒயர் போலவே இருக்கும். வீட்டில் யாராவது அதை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் செருகினால் மாடியில் 20 மீட்டர் ஒயரில் 230 வோல்ட் நிற்கும். திருகு டெர்மினல், அல்லது சாக்கெட்டில் நுழையாத வகை கனெக்டர் மட்டும்.

இடி மழைக் காலத்தில் ரேடியோவை அணைத்தால் போதாது, பீடரைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். மேகம் தெரியும்போதே செய்யுங்கள், இடி கேட்ட பிறகு அந்த ஒயரைத் தொட வேண்டாம். காய்ந்த காற்றில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்க, பெட்டிக்குள் ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் எர்த்துக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். அது நேரடி மின்னலைத் தடுக்காது.

வீட்டுக்குள் ஓடுவதற்காகச் செய்த பிவிசி நம் ஊர் வெயிலில் வெளுத்து விறைத்துவிடும். இரண்டாவது கோடை முடிந்ததும் நடுப்பலகைக்குப் பக்கத்தில் ஒயரை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் மாற்றும் நேரம். கைகளின் நுனியில் 2 செ.மீ. சீவிப் பார்த்து, செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாமல் முழுத் துண்டையும் மாற்றுங்கள். புதிய ஒயர் அதே கடை, அதே கம்பெனி என்றாலும் நான்காம் பகுதியிலிருந்து மறுபடி அளந்துதான் வெட்ட வேண்டும்.